அவள் கையில் தின்ற மீன்

எங்கள் வீட்டு மீனுக்கு என்னைப் பிடிக்காது. வாங்கி வந்தவன் நான், தண்ணீர் மாற்றுகிறவன் நான், தொட்டியின் மோட்டார் நின்றுபோனால் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய்ப் புது மோட்டார் வாங்கி வருகிறவனும் நான்தான். ஆனாலும் என் கை தண்ணீருக்குள் இறங்கினால் அது ஒரே பாய்ச்சலில் வந்து கடிக்கும். என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் மொத்தம் ஒன்பது தடவை கடித்திருக்கிறது. நான் எண்ணுகிற ஆள். ரயில்வே கிடங்கில் ஆணி, போல்ட்டு, தகடு என்று எண்ணியே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. ஏறுகிற படிகளை எண்ணுவேன், பலகணியிலிருந்து மோனோரயில் பெட்டிகளை எண்ணுவேன், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைக்கிற அப்பளத்தையும் எண்ணுவேன். கடியை எண்ணாமல் இருப்பேனா?

அது லோஹான் மீன். நெற்றியில் தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போல ஒரு மேடு, சிவந்த கண், சிவந்த மார்பு, விலாவில் மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். ஒரு காலத்தில் இந்த மீனுக்கு இங்கே இருந்த மவுசு கொஞ்சமல்ல. அந்தப் புள்ளிகளில் லாட்டரிக்கு நாலு நம்பர் தெரிகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஆட்கள் வீடு தேடி வருவார்கள். எனக்கு அந்த ஆசை இருந்ததில்லை. முரட்டு மீன்களைப் பிடிக்கும், அவ்வளவுதான். சாதுவான மீன்கள் கூட்டமாகப் போகும், கூட்டமாகத் திரும்பும். ஒன்று செத்தால் எது செத்தது என்று தெரியாது. முரட்டு மீன் அப்படியல்ல. அதற்கு நம்மைத் தெரியும்.

இதற்கு முன்னால் ஓர் ஆஸ்கார் வளர்த்தேன். அதன் கோபம் சின்னப் பிள்ளையின் கோபம். தண்ணீர் மாற்றினால் அடியில் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று நான் பதறுவேன். கண் மட்டும் என்னைப் பார்த்துச் சுழலும். இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து வாயைத் திறக்கும். அடுத்து வந்தது சிவப்புப் பிசாசு என்று கடைக்காரர்கள் சொல்கிற மீன். அதன் கோபம் வீட்டுக்காரரின் கோபம். நான் அடுக்கி வைத்த கல் எதுவும் அதற்குச் சரிப்படாது. ஒவ்வொன்றாக வாயில் கவ்வி எடுத்துப்போய் ஒரு மூலையில் கொட்டும். துணைக்கு ஒன்று இருக்கட்டுமே என்று இன்னொரு மீனை விட்டேன். மறுநாள் காலையில் அந்தத் துணைக்கு வால் இல்லை.

லோஹானின் கோபம் வேறு. அது பதுங்காது, முறைக்காது. எதிரில் எது வந்தாலும் செவுளை விரித்து, நிறத்தை ஏற்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். தன்னைப் போல இன்னொன்று இருப்பதை மட்டும் அதனால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

அதை வாங்கியது கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில். என் மனைவியின் தங்கை அங்கேதான் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகையில் வழியில் இருந்த மீன் கடைக்குள் நுழைந்தேன். என் மனைவி, வெளியே நிற்கிறேன் என்றவள், புழுக்கம் தாங்காமல் உள்ளே வந்துவிட்டாள். கடைக்காரர் சீனர், துறைமுகத்து ஆட்களோடு பழகி அவருக்குத் தமிழ் வந்திருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குஞ்சு, தனிக் குவளையில், எங்களைப் பார்த்துச் செவுளை விரித்தது.

"இதோட மூஞ்சியப் பாருங்க," என்றாள் என் மனைவி. "வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சண்டைக்கு நிக்குது. உங்களுக்குன்னே தேடிப் புடிச்சீங்களா?"

பிறகு அவளே இரக்கப்பட்டு, தனியாக இருந்தால் பாவம், இரண்டாக வாங்கலாமே என்றாள்.

"வாங்கு ஆன்டி, ரெண்டு வாங்கு, எனக்கு நல்லதுதான்," என்றார் கடைக்காரர். "நாளைக்கு ஒன்னுதான் இருக்கும் லா. அப்புறம் நீ வந்து என்னை ஏசுவ."

ஒன்று மட்டும் வாங்கினோம். கிள்ளானிலிருந்து நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வரை ரயிலில் அந்தப் பிளாஸ்டிக் பையை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், என் கை நடுங்குகிறது என்று சொல்லி. அன்றைக்கே அது முடிவு செய்துவிட்டது என்று எனக்குப் பின்னாளில் தோன்றியது.

காலையில் அவள் பாசாருக்குப் போய் இறால் வாங்கி வந்து, சமையலறையில் உரிப்பாள். அந்த வாசனை எப்படித்தான் தண்ணீருக்குள் போகுமோ, கூடத்தில் இருக்கும் தொட்டியில் மீன் சமையலறைப் பக்கத்து மூலைக்கு வந்து நிற்கும். அவள் வலப்பக்கம் நடந்தால் வலப்பக்கம், இடப்பக்கம் நடந்தால் இடப்பக்கம். "டேய் தடியா, இருடா, வரேன்," என்பாள். உரித்த இறாலில் ஒன்றை விரலில் பிடித்துத் தண்ணீருக்குள் விடுவாள். அது கவ்வாது, பறிக்காது. மெதுவாக வந்து, வாங்கிக்கொள்ளும். தின்று முடித்த பிறகு அவள் உள்ளங்கைக்குக் கீழே தன் நெற்றி மேட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பக்கத்துடுப்பு மட்டும் விசிறி போல ஆடும். அவள் அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும்வரை இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள்.

எனக்குப் பொறாமையாக இருக்கும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நானும் ஓர் இறாலை எடுத்து அவள் பிடித்தது போலவே பிடித்து, கையைத் தண்ணீருக்குள் விடுவேன். தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து அம்பு போல வரும். இறாலை விட்டுவிட்டு விரலைக் கடிக்கும். நான் கத்துவேன். குளியலறையிலிருந்தோ சமையலறையிலிருந்தோ அவள் குரல் வரும்.

"என்னாங்க, குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான், குடுத்துட்டான்."

பிறகு அவள் சிரிப்பாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், அடக்கப் பார்க்கிறவர்களுக்கு வருவது. பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டு. எங்கள் வீட்டில் அதிகம் சிரிக்கிற ஆட்கள் இல்லை. நான் எதற்கும் கவலைப்படுகிறவன். தண்ணீர் தடை அறிவிப்பு வந்தால் தடைக்கு முதல் நாளே வாளி, பானை, குவளை எல்லாவற்றையும் நிரப்பி வைத்து, நடக்க இடமில்லாமல் செய்கிறவன். அவளும் அதிகம் பேசமாட்டாள். ஒன்பது கடிக்கும் ஒன்பது முறை அவள் சிரித்தாள். அதில் நான்காவதும் ஏழாவதும் நான் வேண்டுமென்றே வாங்கிக்கொண்டவை.

போன வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

காரியமெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில் மீனை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது அது அடியில், வடிகட்டிக்குப் பின்னால், உடம்பில் கறுப்புப் பட்டைகள் தெரிய நின்றுகொண்டிருந்தது. பயந்தாலோ நோய் வந்தாலோ அந்தப் பட்டைகள் வரும். சிவப்பெல்லாம் வெளுத்துப் பழைய சேலைத் துணி போல ஆகியிருந்தது. உருண்டைத் தீனி போட்டேன். மிதந்து, ஊறி, கரைந்தது. இறால் போட்டேன். சமையலறைப் பக்கத்து மூலைக்கு வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவள் துணிகளை மகள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவள் கண்ணாடி, மருந்து, செருப்பு எல்லாம் ஏதோ ஓர் அலமாரிக்குப் போய்விட்டன. அவள் கை எப்படி இருக்கும், அதன் சூடு எப்படி என்று தெரிந்த உயிர்கள் இந்த வீட்டில் இரண்டே இரண்டுதான். ஒன்று நான். இன்னொன்று தொட்டிக்குள் பட்டினி கிடந்தது. அது செத்துவிடக் கூடாது. வேறு எதையும் நான் சாமியிடம் கேட்கவில்லை.

பதினாறாம் நாளுக்காக மகள் அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். மகள் இருப்பது சுங்கை பூலோவில்; ஞாயிறு தவறாமல் வருகிறவள். மகளின் கல்யாணத்தில் எடுத்த படம் அது. என் மனைவி கருநீலப் பட்டுச் சேலையில் இருப்பாள், பின்னால் இருட்டான திரை. கனமான சட்டம், பளபளவென்று கண்ணாடி. சாமிப் படங்களோடு வைக்கக் கூடாது என்றார்கள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தொட்டி இருக்கிற மேசை நீளமானது. அதன் கோடியில் இடம் இருந்தது. படத்தை அங்கே, தொட்டியின் பக்கக் கண்ணாடியை ஒட்டி, அதை நோக்கி லேசாகத் திருப்பி வைத்தேன். மாலை போட்டு, முன்னால் சின்ன விளக்கு ஒன்றும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றினேன். தொட்டி விளக்கையும் போட்டேன். கூடத்து விளக்கை அணைத்தேன். சாமி கும்பிடுகிற நேரத்தில் அது எதற்கு வீணாக எரிய வேண்டும்? கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால், மீன் வடிகட்டியை விட்டு வெளியே வந்திருந்தது. நேராகப் படத்தை நோக்கி வந்தது. பக்கக் கண்ணாடியில் நெற்றியை வைத்தது. வெளுத்திருந்த உடம்பில் சிவப்பு ஏறியது, என் கண் முன்னாலேயே, அடுப்பில் கரி பிடிக்கிறது போல. துடுப்புகளெல்லாம் விரிந்தன. மேலும் கீழும், மேலும் கீழும், அவள் முகத்துக்கு எதிரே ஆடியது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பகலில் படத்தை அது திரும்பியும் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றியதும் வந்துவிட்டது. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சாயங்காலமும் அவள் ஒருமுறை தீனி போடுவாள். அந்த வேளையை அது மறக்கவில்லை. அன்றிலிருந்து பொழுது சாய்கிற நேரத்தில் நான் எங்கேயும் போவதில்லை. கோயிலில் விசேஷம் என்றாலும் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் மூன்று பேர் இருப்பது போல இருக்கும்.

கொழுந்தியாளிடம் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையே கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். விளக்கேற்றினேன். மீன் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மாமா, அக்கா போகலை மாமா. இங்கதான் இருக்கா. எப்படித் துடிக்குது பாருங்க! மனுசன் பொய் சொல்லுவான், இவன் பொய் சொல்லுவானா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுதும்மா."

"தோணுறது என்ன தோணுறது, கண்ணு முன்னாடி நடக்குது. டேய் தடியா, சின்னம்மாவத் தெரியுதாடா?"

தடியனுக்குச் சின்னம்மாவைத் தெரியவில்லை. படத்தை விட்டு அது கண்ணை எடுக்கவில்லை. அவள் கைப்பேசியில் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சிலர் அழுதார்கள், சிலர் மீனையே கும்பிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் விலாப் பக்கம் குனிந்து பார்த்து, "மாமா, இங்க ஒரு எட்டு தெரியுது, இது ஏழா ஒன்னா?" என்றார். கொழுந்தியாள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

ஆனால் மீன் தேறவில்லை. இதை நான் மற்றவர்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சாயங்காலம் அவ்வளவு துள்ளுகிற மீன், பகலெல்லாம் களைத்துப்போய் அடியில் கிடந்தது. பன்னிரண்டு உருண்டை தின்கிற மீன் நாலு தின்றது. மேல் உதடு தேய்ந்து வெளுத்தது. பிறகு அந்த வெளுப்பில் பஞ்சு போல ஒன்று படர்ந்தது. நெற்றி மேட்டில் செதில் உரிந்து, சிராய்த்த முழங்கால் போல இருந்தது. அது ஆடிக்கொண்டே இருந்து, நடுநடுவே கண்ணாடியில் மோதும். டொக், டொக் என்று கேட்கும். அவளைத் தொட முடியாமல் மோதுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உப்புப் போட்டேன். மஞ்சள் மருந்து கலக்கினேன். வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிற கெத்தாப்பாங் என்கிற நாட்டுவாதுமை மரத்தின் காய்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து கழுவிப் போட்டேன். தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், புண் ஆறும் என்பார்கள். இலை பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து எங்கள் அடுக்குமாடிக் காவலாளி, "என்னா அங்கிள், இன்னைக்கு இலைக் கறியா?" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. புண் பகலில் கொஞ்சம் ஆறும். சாயங்காலம் மறுபடியும் கிழியும்.

ஒரு வெள்ளிக்கிழமை கொழுந்தியாள் அந்த உதட்டைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, இது அக்காகிட்ட போகணும்னு பாக்குது."

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா."

"நான் என்ன தப்பாவா சொல்றேன்? அதுக்கும் வயசாச்சு. போகணும்னா விட்டுருங்க மாமா. புடிச்சு வெக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். எழுபத்து மூன்று வயதில் ஒரு மீனுக்காக இப்படிக் கேட்டதில் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் உள்ளே போய், நான் கழுவாமல் போட்டிருந்த பாத்திரங்களைக் கழுவினாள்.

படத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் மீன் பிழைக்கும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. பல நாள் சட்டத்தின் மேல் கை வைத்திருக்கிறேன். மாற்றினால் அவர்கள் இருவரையும் பிரித்தவன் ஆவேன். மாற்றாவிட்டால் அது செத்துவிடும். செத்துவிட்டால் அவள் கையைத் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும். எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு உதைத்தது. கையை எடுத்துவிடுவேன். பொழுது சாயும். விளக்கேற்றுவேன்.

இப்படியே முதல் வருஷப் படையல் வந்தது. கொழுந்தியாள் முதல் நாளே வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். மகள் கூடத்து நடுவில் நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி விரித்து, படத்தைக் கொண்டுபோய் அதில் வைத்தாள். முன்னால் வாழையிலை, சோறு, சாம்பார், கோழிக் கறி, அவளுக்குப் பிடித்த இறால் பிரட்டல், உளுந்து வடை, ஒரு புதுச் சேலை. பொழுது சாய்ந்தது. படத்துக்கு எதிரே விளக்கேற்றினோம்.

நான் மீனைப் பார்த்தேன். அவள் ஆறேழு அடி தூரத்தில் இருக்கிறாள், விளக்கு எரிகிறது, மாலை வேளை. வந்து கண்ணாடியில் நிற்கும், தேடும் என்று எதிர்பார்த்தேன். அது தொட்டி நடுவில் சும்மா நின்றது. கையில் இருந்த தீனியைப் பழக்கத்தில் போட்டேன். வந்து தின்றது. ஆறு உருண்டை. சந்தோஷப்பட வேண்டியவன் நான். முடியவில்லை. அவளுடைய நாள் இன்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே இவன்?

கும்பிட்டு முடித்தோம். கொழுந்தியாள் வடைத் தட்டைக் காலி செய்து கழுவிக்கொண்டு வந்தாள். புளி போட்டுத் துலக்கிய பெரிய எவர்சில்வர் தட்டு. சாமான்கள் பரப்பிக் கிடந்ததால் வைக்க இடமில்லாமல், படம் இருந்த இடத்தில், தொட்டியின் பக்கக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு இலை போடப் போனாள்.

டொக்.

எல்லோரும் திரும்பினோம். மீன் பக்கக் கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தது. உடம்பு முழுவதும் சிவப்பு. செவுள் விரிந்து, துடுப்புகள் விரிந்து, மேலும் கீழும், மேலும் கீழும் ஆடியது. டொக், டொக்.

மகள்தான் முதலில் சிரித்தாள். "சின்னம்மா, உங்க வடைத் தட்டையும் அம்மான்னு நெனச்சுக்குச்சு போல!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது. கொழுந்தியாள் ஈரக் கையோடு வந்து தட்டை எடுத்தாள். மீன் நின்றது. அங்கும் இங்கும் பார்த்தது. தட்டைத் திரும்ப வைத்தாள். மீன் பாய்ந்து வந்தது. துலக்கிய தட்டில், மங்கலாக, சிவப்பாக, செவுளை விரித்துக்கொண்டு இன்னொரு லோஹான் எதிர்த்து நிற்பது எனக்கும் தெரிந்தது. ஒரு வருடமாக, தொட்டி விளக்கு மட்டும் எரிகிற இருட்டில், கருநீலச் சேலைக்கும் இருட்டுத் திரைக்கும் மேலே போட்ட கண்ணாடியில் அது பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஒரு வருடமாக அது தன்னைத்தானே அடித்துத் துரத்தப் பார்த்திருக்கிறது.

"மாமா," என்றாள் கொழுந்தியாள். அவள் குரல் கீழே போய்விட்டது. "தட்டுல அக்கா எங்கருந்து வந்தா?"

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் ரயிலேறி வந்தது யாரைப் பார்க்க என்று எனக்குத் தெரியும்.

"தட்டை எடும்மா," என்றேன். "அதுக்கு வாய் வலிக்கும்."

எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இலை போட்டாள். சாப்பிட்டோம். இறால் பிரட்டலில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று அவளே சொன்னாள். இல்லை, சரியாக இருக்கிறது என்றேன். மகள் என் இலையில் வடையை வைத்துக்கொண்டே இருந்தாள், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும்.

அடுத்த நாள் காலையில் எல்லோரும் போன பிறகு படத்தை மேசைமேல் கவிழ்த்து, சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினேன். கண்ணாடியை உருவிப் பழைய நாளிதழில் சுற்றிக் கட்டில் அடியில் வைத்தேன். வெறும் படத்தைச் சட்டத்தில் பொருத்தி, பழைய இடத்திலேயே, தொட்டியை ஒட்டி வைத்தேன். அவளை அங்கிருந்து நகர்த்த வேண்டியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றினேன், தொட்டி விளக்கைப் போட்டேன், கூடத்து விளக்கை அணைத்தேன். மீன் வரவில்லை. அவள் முகத்துக்கு எதிரே ஒருமுறை சாதாரணமாக நீந்திப் போனது, சுவரைக் கடந்து போவது போல. நான் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். அது முதல்முறையாக எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கொழுந்தியாள் அடுத்த வெள்ளிக்கிழமை வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கண்ணாடி இல்லாத படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படித் தொறந்து போட்டா ஈரம் ஏறி அக்கா மூஞ்சி பூத்துப் போயிரும் மாமா," என்று ஏசினாள். தொட்டிக்கும் படத்துக்கும் நடுவில் தடிமனான அட்டை ஒன்றைச் செருகினாள், நீர்த்துளி தெறிக்காமல் இருக்க. பாசாரில் வாங்கி வந்த இறாலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மீனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் மட்டும், போகிற போக்கில், "புண்ணு ஆறிருச்சுல்ல?" என்று கேட்டாள்.

ஆறிக்கொண்டுதான் இருந்தது. பஞ்சு உதிர்ந்தது. நெற்றி மேட்டில் புதிய தோல் வந்தது, கொஞ்சம் வெளுப்பாக. ஆறு உருண்டை, எட்டு, பத்து. ஒருநாள் காலையில் பன்னிரண்டையும் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று மேலே பார்த்தது. கல்லை வாயில் கவ்வி, நான் சமமாகப் பரப்பி வைத்திருந்த அடித்தளத்தில் பள்ளம் தோண்டத் தொடங்கியது. சரியான முரடனாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆனால் சமையலறைப் பக்கத்து மூலைக்கு மட்டும் போகவில்லை.

நேற்றுக் காலையில் குளிர்பெட்டியிலிருந்து இறாலை எடுத்து உரித்தேன். எனக்கு உரிக்கத் தெரியாது. பாதிச் சதை ஓட்டோடு போய்விடும். தொட்டியில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சமையலறை வாசல் வழியாகத் தெரிந்தது: இந்தப் பக்கத்து மூலையில், மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தது. நான் வலப்பக்கம் நகர்ந்தேன். வலப்பக்கம் நகர்ந்தது.

இறாலை அவள் பிடிப்பது போல இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீருக்குள் விட்டேன். அது மெதுவாக வந்தது. அவ்வளவு மெதுவாக அது என்னிடம் வந்ததில்லை. இறாலைப் பார்த்தது. என் விரலைப் பார்த்தது. விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, அவளைப் போலவே வைத்துக் காத்திருந்தேன்.

கடித்தது. நடுவிரலின் நுனியில், பழைய தழும்புக்குப் பக்கத்தில், பத்தாவது கடி. நான் கத்திவிட்டேன். கையை வெளியே இழுத்தபோது தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. அட்டை இருந்ததால் படத்தில் படவில்லை. அது செவுளை விரித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முழுச் சிவப்பில், அடுத்த கைக்காக நின்றது.

என் தலை தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. உரித்த ஓடுகள் கழுவுதொட்டி ஓரத்தில் கிடந்தன. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. விரலை வாயில் வைத்து எடுத்தேன்.

"குடுத்துட்டான்," என்றேன், அந்தப் பக்கம் பார்த்து, கேட்கிற அளவுக்குச் சத்தமாக. "குடுத்துட்டான், குடுத்துட்டான்."